யார் பக்கமும் நில்லாத ரசிகர்: ஹுத்தான் மெலிந்தாங்கில் இங்கிலாந்துக் காற்பந்து பார்த்த வரலாறு

பேராக் மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், பெர்ணம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது ஹுத்தான் மெலிந்தாங். ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர். சாலையில் வடக்கே போனால் தெலுக் இந்தான், மேற்கே போனால் பாகான் டத்தோ. நெடுங்காலம் கீழ்ப் பேராக் மாவட்டத்தில் அடங்கியிருந்த இந்த வட்டாரம் 2017இல் பாகான் டத்தோ என்ற தனி மாவட்டத்தின் கீழ் வந்தது. மீன்பிடி, தென்னை, செம்பனை ஆகிய மூன்றும் ஊரின் பிழைப்பு. அருகிலிருக்கும் ஜெண்டராட்டா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் ஆகே வெஸ்தன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்குக்காரர். அங்கும் சுற்றியிருந்த மற்றத் தோட்டங்களிலும் கித்தா மரம் வெட்டவும் காடு திருத்தவும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் வழியாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் சனிக்கிழமை இரவுகளில் இங்கிலாந்துக் காற்பந்து ஆட்டங்களை விரும்பிப் பார்க்கிறார்கள். இரு அணிகளில் எதுவும் தன்னுடையதாக இல்லாதபோதும், ஆட்டம் சூடாக இருந்தால் கடைசி விசில் ஊதும்வரை எழுந்து போகாத ஒரு பார்வையாளர் கூட்டம் இந்த ஊரில் உண்டு. அந்தப் பழக்கம் உருவான வரலாறு தொலைக்காட்சிக்கு முன்பே தொடங்குகிறது.

காற்பந்தின் விதிகளை இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் எழுதியது 1863இல். அங்கே 12 அணிகளோடு லீக் போட்டி தொடங்கியது 1888இல். அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் படையினர், அரசு அதிகாரிகள், பள்ளி ஆசிரியர்கள், தோட்டத் துரைமார் ஆகியோரின் வழியாக ஆட்டம் மலாயா முழுதும் பரவிவிட்டது. 1921 ஜனவரியில் எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்தது. அதன் தளபதி அன்பளிப்பாகக் கொடுத்த கிண்ணத்துக்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. பின்னாளில் மலேசியக் கிண்ணம் என்று பெயர் பெற்றது அதுதான். பேராக் அதை முதலில் 1926இலும், மறுபடி 1931இலும் வென்றது.

தோட்டங்களில் ஆட்டம் வேரூன்றியதற்குச் செலவின்மை பெரிய காரணம். ஒரு பந்தும் சமமான திடலும் போதும், காலணிகூடக் கட்டாயமில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு திடல் இருந்தது. கிராணிமார், மண்டோர், வெட்டுக்காரர் என்ற படிநிலை பெரட்டில் (விடியற்கால ஆள்கணக்கெடுப்பில்) எவ்வளவு கடுமையாக இருந்தாலும், ஞாயிறு மாலைத் திடலில் சற்றுத் தளர்ந்தது. கோயில் திருவிழாவை ஒட்டியும் விடுமுறை நாள்களிலும் தோட்டங்களுக்கு இடையே போட்டிகள் நடந்தன. அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒருநாள் போட்டிகளுக்குப் பெரிய வரவேற்பு இருந்தது, ஒரே நாளில் பல அணிகள் மோதி மாலைக்குள் கிண்ணம் யாருக்கு என்று தெரிந்துவிடும் என்பதால்.

நடுநிலை ரசிகரின் பிறப்பிடம் இந்த ஒருநாள் போட்டிகள்தாம் என்று கொள்ள இடமிருக்கிறது. காலையில் முதல் ஆட்டத்திலேயே தோற்ற தோட்டத்தார் உடனே வீடு திரும்ப முடியாது. எல்லாரையும் ஏற்றி வந்த லாரி மாலையில்தான் புறப்படும். எனவே தங்களுக்குச் சம்பந்தமில்லாத இரு தோட்டங்கள் ஆடும் இறுதியாட்டத்தையும் திடலோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது, காலையில் தன் அணிக்காகத் தொண்டை வற்றக் கத்தியவனுக்கு ஆட்டம் வேறு விதமாகத் தெரிகிறது. எதிரணியின் நல்ல உதையை ரசிக்க முடிகிறது. தோற்கும் பக்கம் ஒரு கோல் போட்டுவிடாதா என்று மனம் விரும்புகிறது. நடுவரின் முடிவைக் கோபமில்லாமல் எடைபோட முடிகிறது. இங்கிலாந்து ஆட்டம் ஊருக்கு வந்தபோது அதைப் பார்க்கத் தேவையான மனப்பழக்கம் ஏற்கனவே இருந்தது.

முதலில் அந்த ஆட்டம் எழுத்தாகவும் குரலாகவும்தான் வந்தது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்கள் விளையாட்டுச் செய்தியும் தந்தன. தோட்டத்துக்கு வரும் ஓரிரு பிரதிகளை எழுத்தறிந்தவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பது வழக்கம். வானொலி அதைவிட வேகமானது. லண்டனில் ஆர்சனலும் செஃபீல்ட் யுனைட்டெடும் மோதிய ஆட்டத்தை 1927 ஜனவரி 22 அன்று பிபிசி நேர்முக வர்ணனையாக ஒலிபரப்பியது. பிரிட்டனில் வானொலிக் காற்பந்து வர்ணனையின் தொடக்கம் அது. போருக்குப் பின் ஜொகூர் மாநிலத்தின் தெப்ராவில் பிபிசி தன் கீழ்த்திசை அஞ்சல் நிலையத்தை நடத்தியதால், சிற்றலை வானொலி வைத்திருந்தவர்களுக்கு லண்டன் குரல் ஓரளவு தெளிவாகக் கேட்டது. ஆங்கிலம் தெரிந்த கிராணிமார் வீடுகளிலும் தோட்ட கிளப்புகளிலும்தான் அத்தகைய வானொலிகள் இருந்தன. மற்றவர்களுக்கு முடிவு மட்டும் எட்டியது, அதுவும் ஒன்றிரண்டு நாள் கழித்து.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. தோட்டங்களுக்குள் அது நுழையச் சில ஆண்டுகள் பிடித்தன. பெட்டியின் விலை ஒரு தடை. ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் இன்னொரு தடை. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மின்சாரம். பல தோட்டங்களில் லயங்களுக்கு மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்தது, அது மாலையில் தொடங்கி இரவு குறிப்பிட்ட நேரத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகும் படம் பார்க்க விரும்பியவர்கள் கார் பேட்டரியை இணைத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டினார்கள். பெட்டி இருந்த வீடு மாலையில் பொதுவிடமாக மாறியது. தமிழ்ப் படம் வரும் இரவில் பெண்களும் குழந்தைகளும் கூடம் நிறைய உட்கார்ந்தார்கள். பந்து ஆட்டத்துக்கு ஆண்கள் சன்னலோரமும் வாசற்படியிலும் நின்றார்கள்.

அந்நாளில் இங்கிலாந்து லீக் ஆட்டங்கள் நேரலையாக வரவில்லை என்பதை இன்றைய இளைஞர் நம்பச் சிரமப்படலாம். இங்கிலாந்திலேயே லீக் ஆட்டங்களின் வழக்கமான நேரலை 1983 அக்டோபரில்தான் தொடங்கியது. பிபிசியின் ஆட்டத் தொகுப்பு நிகழ்ச்சி 1964இல் ஆரம்பித்தது, அங்கும் மக்கள் பெரும்பாலும் தொகுப்புகளைத்தான் பார்த்தார்கள். மலேசியாவுக்கு வந்தவையும் அப்படிப்பட்ட வெட்டி ஒட்டிய தொகுப்புகளே, அதுவும் தாமதமாக. எந்த ஆட்டத்தைக் காட்டுவது என்பதை நிலையம் முடிவு செய்தது. இந்த வாரம் டெர்பி கவுன்டி, அடுத்த வாரம் இப்ஸ்விச், அதற்கடுத்து லீட்ஸ் என்று மாறி மாறி வந்தால் பார்ப்பவர் ஓர் அணியோடு ஒட்டிக்கொள்வது கடினம். ஒரே அணியைத் தொடர்ந்து பார்க்க வழியே இல்லாதபோது ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நடுநிலை என்பது அந்தத் தலைமுறைக்குக் கொள்கை அல்ல, கிடைத்ததைக் கொண்டு வளர்த்துக்கொண்ட ரசனை. இன்றைக்கு ஊரில் அணி வெறியே இயல்பு, நடுநிலை விதிவிலக்கு என்று தோன்றுகிறது. காலவரிசைப்படி பார்த்தால் நடுநிலைதான் மூத்தது.

எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்துக்கு மட்டும் தனி மதிப்பு இருந்தது. நேரமும் அதற்கு இசைந்து வந்தது. 1982 தொடங்கும்வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முந்தி ஓடியது. மே மாதத்தில் லண்டனில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் இறுதியாட்டம் இங்கே இரவு 9:30. மறுநாள் ஞாயிறு, பெரட்டு இல்லை. ஆனால் குளிர்கால லீக் ஆட்டம் தொடங்குவது இங்கே இரவு 10:30. நேரலையாக வந்திருந்தாலும் அது ஜெனரேட்டர் நிற்கும் நேரத்தோடு மோதியிருக்கும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டபோது அந்தத் தொடக்கங்கள் முறையே பத்து மணியாகவும் பதினொரு மணியாகவும் ஆயின.

நடுநிலை ரசிகர் ஏங்கும் ஆட்டம் எது என்பதற்கு 1979 மே 12 அன்று வெம்பிளியில் நடந்த இறுதியாட்டம் நல்ல சான்று. ஆர்சனல் பிரையன் டால்பட், ஃபிராங்க் ஸ்டேபிள்டன் ஆகியோரின் கோல்களால் 2-0 என்று முன்னிலை பெற்றது. 85 நிமிடம்வரை ஆட்டம் முடிந்துபோன கதை. 86ஆம் நிமிடத்தில் மான்செஸ்டர் யுனைட்டெடின் கோர்டன் மெக்குவீன் ஒன்றைத் திருப்பினார். இரண்டு நிமிடத்துக்குள் சாமி மெக்கில்ராய் சமன் செய்தார். கூடுதல் நேரம் உறுதி என்று எல்லாரும் எண்ணியபோது ஆலன் சண்டர்லாந்து மூன்றாவது கோலைப் போட்டு ஆர்சனலுக்கு 3-2 வெற்றி தந்தார். ஆர்சனல் ரசிகருக்கு அந்த ஐந்து நிமிடம் நடுக்கம். மான்செஸ்டர் ரசிகருக்கு உச்சிக்கு ஏறி விழுந்த வேதனை. இருவரும் ஆட்டத்தை முழுதாக அனுபவித்தார்கள் என்று சொல்ல முடியாது. கடைசி மூன்று கோலையும் ஒரே ஆனந்தத்தோடு வரவேற்கக் கூடியவர் எந்தப் பக்கமும் நில்லாதவர் ஒருவரே.

இந்த நடுநிலை இங்கிலாந்து அணிகள் தங்களுக்குள் மோதும்போது மட்டுமே செல்லும். எதிரே மலேசியர் நின்றால் கதை வேறு. 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் ஆர்சனலை உள்ளூர் அணி 2-0 என்று வென்றபோது இரு கோலையும் போட்டவர் மொக்தார் டஹாரி. 1978இல் பாபி ராப்சன் அழைத்து வந்த இங்கிலாந்து 'பி' அணியோடு மலேசியா 1-1 என்று சமன் கண்டபோதும் கோல் அவருடையதே. அந்தப் பொற்காலத்தின் அணியில் தமிழர் பெயர்கள் கம்பீரமாக இருந்தன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகம் ஆகியோர் தோட்டப் பிள்ளைகளின் நாயகர்கள். 1980 ஏப்ரலில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர் ஆறுமுகம்தான். புறக்கணிப்பால் அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அக்காலத்தில் பற்று முழுதும் தேசிய அணிக்கும் பேராக்குக்கும் சொந்தத் தோட்டத்துக்கும் போய்விட்டது. இங்கிலாந்து ஆட்டத்துக்கு எஞ்சியது சுமையில்லாத கண்.

1984இல் டிவி3 தனியார் நிலையமாக வந்ததும் விளையாட்டு ஒளிபரப்பில் போட்டி பிறந்தது. அந்தப் பத்தாண்டின் ஆட்டங்களில் நடுநிலை ரசிகருக்கு இரண்டு முக்கியமானவை. 1988 எஃப்ஏ கிண்ண இறுதியில் லிவர்பூலை விம்பிள்டன் 1-0 என்று சாய்த்தது. லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோல் ஒன்றே ஒன்று. பிறகு ஜான் ஆல்ட்ரிட்ஜ் உதைத்த பினால்டியை டேவ் பீசன்ட் தடுத்தார். விம்பிள்டன் லீக் போட்டிக்குள் நுழைந்தே பதினொரு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. எளியவன் வலியவனை வீழ்த்தும் இந்த வகை ஆட்டத்தில் நடுநிலை ரசிகர் கடைசிவரை நடுவிலேயே நிற்பதில்லை. ஆட்டம் போகப் போக எளியவன் பக்கம் சாய்கிறார். கூலி குறைந்த வாழ்க்கையில் மேலிருப்பவர்களை வென்று பழக்கமில்லாத மக்களுக்கு அந்தச் சாய்வு கூடுதல் பொருள் உடையது.

அடுத்த ஆண்டின் ஆட்டம் துயரத்தின் நிழலில் நடந்தது. 1989 ஏப்ரல் 15 அன்று செஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் மொத்தம் 97 பேர் உயிரிழந்தார்கள். அதனால் தள்ளிவைக்கப்பட்ட லிவர்பூல்-ஆர்சனல் லீக் ஆட்டம் மே 26, வெள்ளிக்கிழமை இரவு, ஆன்ஃபீல்டில் நடந்தது. லீக்கின் கடைசி ஆட்டம் அது. ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் மட்டுமே வாகை சூட முடியும். ஆலன் ஸ்மித் ஒன்று போட்டார். 90 நிமிடம் கடந்தும் 1-0தான். கடைசித் தறுவாயில் மைக்கல் தாமஸ் தனியே ஓடி வந்து இரண்டாவது கோலைப் போட்டார். இரு அணிகளும் 76 புள்ளிகளில் நின்றன, கோல் வித்தியாசமும் சமம், அதிகக் கோல் போட்ட ஆர்சனல் வாகை சூடியது. மலேசியாவில் அப்போது சனிக்கிழமை விடியற்காலை. சனி வேலைநாள் என்பதால், அந்த நேரத்தில் விழித்திருப்பதும் பெரட்டுக்குக் கிளம்புவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இங்கே பயிருக்கும் பந்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். கித்தா மரத்தில் பால் நன்றாக வடிவது குளிர்ந்த விடியலில். ஆகவே வெட்டுக்காரர் இருட்டிலேயே எழுந்தாக வேண்டும், இரவு கண்விழிப்பு அவருக்குக் கட்டுப்படியாகாது. செம்பனைக் குலை வெட்ட வெளிச்சம் தேவை, வேலை விடிந்த பிறகுதான் சூடுபிடிக்கும். தோட்டங்கள் கித்தாவிலிருந்து செம்பனைக்கு மாறியபோது தொழிலாளியின் இரவு சற்று நீண்டது. அதே மாற்றம் ஆள்தேவையையும் குறைத்தது. 1980களிலும் 1990களிலும் பேராக் முழுவதும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. தோட்டத்தோடு சேர்ந்து திடலும் போயிற்று. ஞாயிறு மாலை பந்து உதைத்த ஆண்களுக்கு ஆடும் இடம் சுருங்கி, பார்க்கும் இடம் பெருகிய காலம் அது. இதைத் தோட்டச் சமூகத்தின் பேரிழப்புகளில் ஒன்றாகவே கணக்கிட வேண்டும்.

உள்நாட்டுக் காற்பந்தும் அதே நேரத்தில் நம்பிக்கையை இழந்தது. 1994, 1995 ஆண்டுகளில் மலேசிய லீக்கில் ஆட்ட முடிவுகள் பணத்துக்கு விற்கப்பட்டது வெளிவந்து, ஏராளமான ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அரங்கங்கள் வெறிச்சோடின. எந்த அணியையும் சாராத பார்வையாளருக்குத்தான் இத்தகைய ஊழல் அதிகம் வலிக்கும். தன் அணி என்ற பாசம் இருப்பவர் தோல்வியையும் சந்தேகத்தையும் பொறுத்துக்கொண்டு மறுபடி வருவார். நடுநிலை ரசிகருக்கு ஆட்டம் நேர்மையானது, முடிவு யாருக்கும் முன்பே தெரியாது என்ற நம்பிக்கை ஒன்றே பிடிமானம். அது போனால் பார்க்க ஒன்றுமில்லை. பேராக் 1998இலும் 2000இலும் மலேசியக் கிண்ணத்தை வென்று ஈப்போ அரங்கத்தை நிறைத்தது உண்மை. ஆனாலும் பழைய கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை.

அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது பிரீமியர் லீக். 1992 ஆகஸ்டில் தொடங்கிய அந்தப் போட்டி உலகத் தொலைக்காட்சிக்காகவே வார்க்கப்பட்டது போலிருந்தது. 1996 ஜூன் முதல் நாள் மலேசியாவில் அஸ்ட்ரோ துணைக்கோள் சேவை பிறந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 3 அன்று, ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 4-3 என்று நியூகாசலை வென்ற ஆட்டம் புதிய யுகத்தின் கொடியேற்றம் எனலாம். இரண்டாம் நிமிடத்திலேயே ராபி ஃபவுலர் கோல் போட்டார். கால் மணி நேரத்துக்குள் லெஸ் ஃபெர்டினான்டும் டேவிட் ஜினோலாவும் நியூகாசலை முன்னே கொண்டுபோனார்கள். இடைவேளைக்குப் பின் ஃபவுலர் சமன் செய்தார், அஸ்பிரில்யா மீண்டும் நியூகாசலை முன்னே கொண்டுவந்தார், ஸ்டான் கோலிமோர் மறுபடி சமன் செய்தார். காயநேரத்தில் கோலிமோரே வெற்றி கோலையும் அடித்தார். நியூகாசல் பயிற்றுநர் கெவின் கீகன் விளம்பரப் பலகை மேல் தலை கவிழ்ந்த காட்சி உலகெங்கும் போயிற்று. பிரீமியர் லீக்கின் முதல் பத்தாண்டின் சிறந்த ஆட்டமாக அது பின்னர் தேர்ந்தெடுக்கப்பட்டது. தற்காப்பில் இரு பக்கமும் செய்த தவறுகள் ஏராளம். நடுநிலை ரசிகர் அவற்றை மன்னிப்பார், ஏனென்றால் அந்தத் தவறுகள்தாம் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தன.

அஸ்ட்ரோ வீட்டுக்கு வீடு போவதற்கு முன் கடைகளுக்குப் போனது. மாதக் கட்டணம் கட்ட வசதியில்லாத குடும்பத்தின் பிள்ளைக்கு ஒரு தே தாரிக்கின் விலையில் முழு ஆட்டமும் கிடைத்தது. மாமாக் கடைகளில் முதலில் பெரிய பெட்டி, பிறகு வெண்திரை வந்தது. சீனர் காப்பிக்கடையில் மீனவர்களும், ஒட்டுக்கடைகளில் லாரி ஓட்டுநர்களும், மாமாக் கடையில் எல்லா இனத்தாரும் பார்த்தார்கள். வர்ணனை ஆங்கிலத்திலோ மலாயிலோ ஓடும், பேச்சு தமிழில் நடக்கும். இங்கிலாந்தில் ஒரு வினோதமான தடை உண்டு. அரங்கத்துக்கு ஆள் வராமல் போய்விடும் என்று பர்ன்லி அணியின் தலைவர் பாப் லார்டு 1960களில் வாதாடியதன் பயனாக, சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை அங்கே ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதில்லை. வெளிநாடுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. மான்செஸ்டர்க்காரர் தன் வீட்டுப் பெட்டியில் பார்க்க முடியாத மூன்று மணி ஆட்டத்தைப் பெர்ணம் ஆற்றங்கரையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க முடிந்தது.

தேர்வு பெருகியதும் பற்று பெருகியது. மான்செஸ்டர் யுனைட்டெட், லிவர்பூல், ஆர்சனல், பின்னர் செல்சி என்று இளைஞர்கள் அணி பிரிந்தார்கள். சட்டை வாங்கினார்கள், அணியின் பெயரால் சண்டையும் போட்டார்கள். மான்செஸ்டர் யுனைட்டெட் 2001இலும் 2009இலும் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கே வந்து ஆடியது. சட்டவிரோதப் பந்தயமும் இன்னொரு பக்கம் ரசனையை அரித்தது. பணம் வைத்தவர் எந்த ஆட்டத்தையும் சும்மா பார்க்க முடியாது. இவற்றுக்கு நடுவே பழைய பழக்கத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். கடையில் அவர்களுக்கு ஒரு வேலையும் இருந்தது. இரு அணி ரசிகர்களும் கத்திக்கொள்ளும்போது அது ஆஃப்சைடுதானா, பினால்டிதானா என்று கேட்டால் ஒப்புக்கொள்ளத் தக்க பதில் அவர்களிடமிருந்துதான் வரும்.

2012 மே 13 இரவு மலேசியருக்கு விசேடமானது. ஞாயிறு இரவு பத்து மணி, லீக்கின் கடைசி நாள். மான்செஸ்டரின் இரு அணிகளும் புள்ளிகளில் சமமாக நின்றன. சிட்டியை எதிர்த்து ஆடிய குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அப்போது மலேசியத் தொழிலதிபர் டோனி ஃபெர்னான்டஸ் உரிமையில் இருந்த அணி. சட்டையில் மலேசிய விமான நிறுவனத்தின் பெயர். கீழிறங்கும் ஆபத்தில் தவித்த அந்த அணி, ஜோயி பார்ட்டன் சிவப்பு அட்டை பெற்றுப் பத்துப் பேராகக் குறைந்த பின்னும் 2-1 என்று முந்தியது. சண்டர்லாந்தில் தன் ஆட்டத்தை 1-0 என்று முடித்த யுனைட்டெட் வாகையைக் கையில் வாங்கியதாகவே தோன்றியது. காயநேரத்தின் இரண்டாம் நிமிடத்தில் எடின் ஜெக்கோ சமன் செய்தார். நான்காம் நிமிடத்தில் செர்ஜியோ அகுவேரோ 3-2 ஆக்கினார். சிட்டி 44 ஆண்டுகளுக்குப் பின் வாகை சூடியது, கோல் வித்தியாசத்தில். வேறோர் ஆட்டத்தின் முடிவால் ரேஞ்சர்ஸும் பிழைத்துக்கொண்டது. இங்கே நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே இருந்தன. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே திடலில் மகிழ்ந்து குதித்த அரிய ஆட்டம் அது. எந்த அணியின் பிடியும் இல்லாதவர் அந்த இரு மகிழ்ச்சியையும் முழுதாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

2015-16 பருவத்தில் உலகமே நடுநிலை ரசிகரின் வழிக்கு வந்தது. முந்தைய ஆண்டு கீழிறங்காமல் தப்பிய லெஸ்டர் சிட்டி வாகை சூடும் என்பதற்குப் பந்தயக்காரர்கள் கொடுத்த விகிதம் 5000க்கு 1. வாகை உறுதியானது லெஸ்டர் ஆடாத ஆட்டத்தில். 2016 மே 2 அன்று செல்சியும் டோட்டன்ஹாமும் மோதின. டோட்டன்ஹாம் வென்றால் போட்டி நீளும். ஹாரி கேனும் சொன் ஹியுங்-மின்னும் போட்ட கோல்களால் டோட்டன்ஹாம் 2-0 என்று முன்னே போனது. கேரி கேஹில் ஒன்றைத் திருப்ப, 83ஆம் நிமிடத்தில் ஈடன் ஹசார்ட் சமன் செய்தார். டோட்டன்ஹாம் ஆட்டக்காரர் ஒன்பது பேர் மஞ்சள் அட்டை வாங்கினார்கள். மலேசியாவில் செவ்வாய் விடியற்காலை ஐந்து மணியை நெருங்கும் நேரம். செல்சியையோ டோட்டன்ஹாமையோ ஒருபோதும் விரும்பாதவர்களும் விழித்திருந்து பார்க்கக் காரணம் இருந்த ஆட்டம்.

உள்ளூர்ப் பற்றுக்கு இதற்கிடையில் சோதனை மேல் சோதனை. 2018இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற பேராக் 2021இல் சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது, பிறகு அதற்குத் திரும்பி வந்தும் பணநெருக்கடியால் 2025-26 பருவத்திலிருந்து விலகியது. அந்தப் பருவத்தில் மாநிலத்தின் பெயரைச் சொல்லிக் கத்த மேல்நிலை லீக்கில் அணியே இல்லாமல் போனபோதும், இங்கிலாந்து ஆட்டத்தைப் பார்ப்பவர் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. பார்க்கும் முறை மாறியிருக்கிறது. கைப்பேசி வந்தபின் பலர் வீட்டிலேயே பார்க்கிறார்கள். கோல் விழுந்த மறுநொடி துணுக்காகக் கைக்கு வருவதால் முழு ஆட்டத்துக்கும் உட்காரும் பொறுமை இளையவரிடம் குறைகிறது. கடைகளில் இப்போது தமிழர், சீனர், மலாய்க்காரரோடு பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்களும் சேர்ந்து அமர்கிறார்கள். அவர்களில் பலருக்கும் சொந்த அணி என்று ஒன்று இல்லை. சனிக்கிழமை இரவு, ஆட்டம் எதுவானாலும், சமன் நிலையில் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் நுழைந்துவிட்டால் அவர்களும் நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.